யவனர் தேறலும் அதன் முதுமையும்

கிரான் முதலாய மட்டக்களப்புப் பகுதி ஊர்களிலே விடியலில் தென்னையினின்றும் இறக்கப்படும் கள் மாலைக்குள் புளிப்பேறும்; சின்னாட் கழியின் காடியாகும். அதனை அறிந்தார்க்கு, பதினைந்து யாண்டு சென்ற பின்னரே பருவம் எய்தும் மது ஒன்றுண்டு என்பது வியப்பாகவே தோன்றும். உரோமர் பெரிதும் போற்றிய பலேர்னியத் திராட்சைமது அத்தகையது. யவனர் மரக்கலங்களில் தமிழகம் போந்த தேறலும் அதுவே என்பார் உளர். இக்கூற்று ஆராய்தற்குரியது.

பழந்தமிழர் முதிர்ந்த கள்ளின் அருமையை அறியாதவரல்லர். மூங்கிற் குழாயில் நெடுநாள் விளைந்த தேறலும், நிலத்திற் புதைத்து முதிர்வித்த மட்டும் சங்கச் செய்யுட்களிற் பேசப்படுகின்றன. நாட்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டிய கடுப்போடு ஒப்பிடுவர் புலவர். எனவே, நம்மவர் முதுமையை அளந்தது நாவில் எழும் உறைப்பினால் என்க. புறநானூற்று 56ஆம் பாட்டிலோ வேறோர் அளவுகோல் காணப்படுகிறது. இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடும் நக்கீரனார், யவனர் நற்கலத்திற் கொணர்ந்த தேறலைத் தண்மையும் நறுமணமும் உடையதென்கிறார். உறைப்பைக் குறித்திலர், இத்தனை யாண்டு பழமையுடைத்து என்றும் கூறிற்றிலர். பொற்கலத்தில் மகளிர் ஏந்திய அந்த மது எந்நாட்டது?

இதற்கு விடை பகரவல்லன மட்கலங்களே. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மோர்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இரு பிடியுடைய யவனச் சாடிகளின் ஓடுகள் பல கிடைத்தன. அவை யாவும் மதுச்சாடிகளே எனக் கொள்ளுதல் அன்று எளிதாயிருந்தது. பின்னர் எலிசபெத் லைடிங் வில் அம்மையார் ஓடுகளை மண்ணாலும் வடிவாலும் வகைப்படுத்தி ஆராய்ந்தார். மதுச்சாடிகளுட் பல ஈஜியன் கடலிலுள்ள கோசுத் தீவின் வடிவின. ஸ்பானிய நாட்டுச் சாடிகளும் இருந்தன. ஆயின் அவை ஒலிவ எண்ணெயும், உப்பிட்டு ஊறவைத்த மீன்சாறும் ஏற்றி வந்தவை. சாடி கண்டவிடமெல்லாம் மது கண்டதாக எழுதுதல் பிழையென்பது இதனாற் பெறப்படும்.

கோசுத் தீவின் மது விந்தையானது. அதிற் கடல்நீர் கலப்பர். முதன்முதல் ஓர் அடிமை தான் களவாடிய சாற்றின் அளவை நிரப்பக் கடல்நீரை வார்த்தான் என்றும், அம்முறையை வெண்ணிறச் சாற்றுக்குக் கொண்டபோது அது ‘வெண்கோசு’ எனப் பெயர்பெற்றது என்றும் பிளினி உரைக்கிறார். திருடனாற் பிறந்த புகழ் போலும்! அவருக்கு இரு நூற்றாண்டு முன்னிருந்த கேட்டோவோ இதனைச் செய்முறையாகவே எழுதிவைத்தார்: திராட்சை அறுவடைக்கு 70 நாள் முன்னர், காற்றடங்கிய வேளையில், நன்னீர் வந்து கலவாத ஆழ்கடலில் நீர் முகத்தல் வேண்டும். உப்பேறிய மது நெடுங்கடற் செலவைத் தாங்கும், விலையும் குறைவு. வணிகர்க்கு வேண்டுவது வேறென்னை?

உயர்ந்த பழமதுவைத் தேர்ந்த முறையை மருத்துவர் காலன் வரலாற்றிற் காணலாம். பேரரசர் மார்க்கஸ் அவுரேலியுசுக்கு நச்சுமுறி மருந்து கூட்டுதற்பொருட்டு அவர் அரண்மனை நிலவறையில் இறங்கி, சாடிகளிற் பொறித்த யாண்டைப் படித்து, 20 யாண்டு கடந்த பலேர்னியத்தை ஒவ்வொன்றாகச் சுவைத்தார். கசப்புச் சிறிதுமில்லாததைக் கண்டபின்னரே நின்றார். முதுமை மட்டும் போதாது, இனிமையும் கெடாதிருத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. கி.மு. 121இல் வடித்த ஒப்பிமிய மது பிளினி காலத்திற் கைக்கும் தேன்போல் இறுகிப் பிறமதுவுக்குச் சுவையூட்டவே பயன்பட்டது.

ஸ்பானிய மதுக்களையும் பிளினி விட்டாரல்லர். இலயேத்தானியத்தை மிகுதிக்கும், தராக்கோ, இலவுரோ என்பவற்றை நேர்த்திக்கும் எடுத்துரைத்து, பலேயாரியத் தீவு மதுவை இத்தாலியின் முதன்மதுக்களோடு ஒப்பிடுகிறார். கொடிவளர்ப்பு நூல் செய்த கொலுமெல்லா பிறந்த காதிசுக்கு அணித்தாகவே இன்று ஷெரி என்னும் வெண்மது முதிர்விக்கப்படுகிறது. அங்கும் இளமதுவைப் பழமதுவோடு அடுக்கடுக்காகக் கலத்தலால், ஒரே யாண்டைக் கூறல் பெரும்பாலும் இயலாது.

இவையெல்லாம் நம் துறைகளுக்கு வந்தனவோ? செங்கடற் செலவு நூல் பாரிகாசாவில் இத்தாலிய மதுவே விரும்பப்பட்டதென்றும், அதனோடு இலவோதிக்கேய, அராபிய மதுக்களும் இறங்கின என்றும் கூறுகிறது. ஸ்பானிய மதுவின் பெயர் அங்கில்லை. முசிறிக்கோ மது வந்ததென்றும், மிகுதியன்று என்றும் மட்டுமே சொல்லி மேற்செல்கிறது.