கீழே விழத் தெரிந்த சக்கரம்

வீட்டு கராஜில் விமானம் கட்டுகிறவர்கள் உண்டு என்று முதலில் கேள்விப்பட்டபோது, ஏதோ பொம்மை விமானத்தைச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நிஜ விமானம்தான். 1953-ல் பால் பொபெரெஸ்னி அமெரிக்காவின் மில்வாக்கியில் தொடங்கிய இ.ஏ.ஏ. சங்கம் இவர்களுக்கானது. அங்குள்ள விதி எளிமையானது: பாதிக்கு மேற்பட்ட வேலையை அமெச்சூர்கள் தங்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருந்தால், அந்த விமானம் 'அமெச்சூர் பில்ட்' என்ற பிரிவில் பறக்கலாம்.

சில வாரங்களாக இந்த விமானங்களின் சக்கரங்களைப் பற்றி மட்டுமே படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கம்பெனி இல்லை, மெக்கானிக் பட்டாளம் இல்லை. தனி ஆள் ஒருவர், மடக்கி உள்ளே இழுக்கும் சக்கரத்தைத் தானே பொருத்தி, அதை நம்பி எப்படி இறங்குகிறார்?

ஆரம்பத்தில் பெரும்பாலோர் அந்த வம்புக்கே போகவில்லை. சக்கரம் நிரந்தரமாக வெளியே நிற்கும். 1975-ல் பர்ட் ரூட்டன் பறக்கவிட்ட வேரிஈஸி பாதி வழி போனது. பின்சக்கரங்கள் நிலையானவை, மூக்குச் சக்கரம் மட்டும் கைப்பிடியைச் சுற்றினால் மடங்கும். தரையில் நிற்கும்போது அதை மடக்கிவிட்டால் விமானம் மண்டியிட்ட மாதிரி மூக்கைத் தரையில் ஊன்றி நிற்கும்.

பிறகு அச்சில் வார்த்த ஃபைபர்கிளாஸ் கிட்கள் வந்தன. 1980 வாக்கில் டாம் ஹாமில்டனின் கிளாசேர், 1984-ல் லான்ஸ் நீபாவரின் லான்சேர். லான்சேர் 235, 320, 360 என்ற பெயர்களில் இருக்கும் எண், எஞ்சினின் கொள்ளளவு, கன அங்குலத்தில். உடல் வழவழப்பானது, வேகம் அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் இழுவை நான்கு மடங்காகும். அந்த வேகத்தில் வெளியே தொங்கும் சக்கரம் பெரிய சுமை. அதனால் கிளாசேர் ஆர்.ஜி.யிலும் லான்சேரிலும் சக்கரம் முழுக்க உள்ளே போனது. இழுக்கும் வேலையை ஹைட்ராலிக்ஸ் ஏற்றுக்கொண்டது.

சங்கதி நம்ம ஊர் ஜே.சி.பி. கையில் இருப்பதுதான். மின்மோட்டார் ஒரு சின்ன பம்பைச் சுற்றும், பம்ப் எண்ணெயைக் குழாயில் தள்ளும், எண்ணெய் பிஸ்டனைத் தள்ளும். கார் டயரில் முப்பது சொச்சம் பி.எஸ்.ஐ. காற்று இருக்கும். இங்கே எண்ணெயின் அழுத்தம் ஆயிரம் பி.எஸ்.ஐ. அளவில். ஓர் அங்குல விட்டமுள்ள பிஸ்டன்கூட 350 கிலோ விசையோடு தள்ளும்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். எண்ணெய்க் குழாயில் ஓர் ஓ-ரிங் கிழிந்து எண்ணெய் முழுக்க ஒழுகிவிட்டால்? லான்சேரில் சக்கரத்தை மேலே பிடித்து வைத்திருக்கும் கொக்கி எதுவும் கிடையாது. எண்ணெய் அழுத்தம்தான் தூக்கிப் பிடித்திருக்கிறது. அழுத்தம் போனால் சக்கரம் தன் எடையிலேயே கீழே வரும். வந்ததும், முழங்கையை முழுக்க நீட்டி ஊன்றுகிற மாதிரி, மூட்டு கொஞ்சம் தாண்டிப் போய்ப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு முழுக்க இரும்பு வேலை, எண்ணெய் தேவையில்லை. பம்ப் செத்துப்போனாலும் பைலட் வேகத்தைக் குறைத்து, ஒரு வால்வைத் திறந்தால் போதும்.

இது கராஜ்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல. 1967-ல் வந்த பைப்பர் ஆரோ தொழிற்சாலை விமானத்திலும் இதே ஏற்பாடுதான். ஆனால் தனி ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது என்று தோன்றுகிறது. நம் வேலையில் தப்பு நடக்கும் என்பதை ஒத்துக்கொண்டு, தப்பு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. லான்சேரின் மூக்குச் சக்கரம் பின்னோக்கி மடங்குகிறது. அப்படியென்றால் இறங்கும்போது எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு முன்னே வர வேண்டும். வெறும் எடை போதாது. அதற்காக ஒரு கேஸ் ஸ்ட்ரட் வைத்தார்கள். கார் டிக்கிக் கதவைத் தூக்கிப் பிடிக்குமே, அந்த மாதிரி. டிக்கி ஸ்ட்ரட் சில வருஷத்தில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கேஸ் மெல்லக் கசிந்து, ஒருநாள் கதவு தலையில் இறங்கும்.

விமானத்தில் அந்தக் கசிவு தெரியாது. பம்ப் வேலை செய்கிற வரைக்கும் மூக்குச் சக்கரம் ஒவ்வொரு முறையும் ஜோராக இறங்கும், பச்சை விளக்கு எரியும். ஸ்ட்ரட் செத்து இரண்டு வருஷம் ஆகியிருக்கலாம். பம்ப் கைவிடும் நாளில்தான் உண்மை வெளியே வரும். பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும், மூக்கு பாதியில் தொங்கும். சாஃப்ட்வேரில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. தினமும் பேக்கப் எடுத்து, ஒருநாளும் ரீஸ்டோர் செய்து பார்க்காமல் இருந்த அனுபவம் எனக்கும் உண்டு. தேவைப்பட்ட அன்று ஃபைல் திறக்கவில்லை.

இதனால்தான் ஸ்ட்ரட்டைக் காலக்கெடு வைத்து மாற்ற வேண்டியிருக்கிறது. விமானத்தை ஜாக்கியில் ஏற்றி, பம்பின் மின்சாரத்தைத் துண்டித்து, வால்வைத் திறந்து, மூன்று சக்கரமும் தானாகப் பூட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதுவும் முழு சோதனை இல்லை. கொட்டகைக்குள் எதிர்க்காற்று கிடையாது, தளர்ந்த ஸ்ட்ரட்டும் அங்கே பாஸாகிவிடும். ஆபத்தில்லாத நாளில், போதிய உயரத்தில், பறந்துகொண்டே ஒருமுறை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் 1973-ல் தொடங்கிய வான்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. விமானங்கள் இந்தக் கணக்கையே வேறு மாதிரி போட்டன. நிலையான சக்கரம், எஃகுக் கால். பம்ப் இல்லை, ஸ்ட்ரட் இல்லை, இறக்க மறந்துபோகவும் வழியில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்.வி.க்கள் பறந்திருக்கின்றன. கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்து நிம்மதியை வாங்கியவர்கள் அவர்கள்.

வேகம்தான் வேண்டும் என்று லான்சேர் கட்டியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களில் யாரையாவது சந்தித்தால், எத்தனை மைல் வேகம் போகும் என்று கேட்க மாட்டேன். கடைசியாக எப்போது பம்ப் இல்லாமல் சக்கரத்தை இறக்கிப் பார்த்தீர்கள் என்றுதான் கேட்பேன்.