பிரசவ அறைக்கு அப்பால்: மூளை முடக்குவாத ஆய்வின் நூற்றறுபது ஆண்டுகள்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்த மருத்துவமனைக்குப் போனாலும், தாயிடம் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று "பிறந்ததும் அழுததா?" என்பது. வீட்டில் மாமியாரும் அதைத்தான் கேட்டிருப்பார். ஆயுதம் போட்டு எடுத்தார்களா, பனிக்குடத் தண்ணீரைக் குடித்துவிட்டதா, வலி எடுத்து எத்தனை மணி நேரமாயிற்று என்று அடுத்து வரும் கேள்விகளும் பிரசவ அறையைச் சுற்றியே நிற்கின்றன. மருத்துவப் பதிவுக்கு இவை தேவையானவைதாம். ஆனால் இந்த நிலையின் காரணத்தைப் பிரசவத்தின் சில மணி நேரத்துக்குள்ளேயே தேடி முடித்துக்கொள்ளும் பழக்கத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. அது 1861இல், லண்டனில் நடந்தது. அந்தக் கருத்து எப்படி வேரூன்றியது, எந்தச் சான்றுகள் அதைத் தளர்த்தின, அது தளர்ந்தபோது தடுப்பிலும் நோயறிதலிலும் என்னென்ன வழிகள் திறந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

லிட்டிலும் ஃபிராய்டும்

வில்லியம் ஜான் லிட்டில் 1810இல் பிறந்தவர். சிறுவயதில் கண்ட இளம்பிள்ளை வாதத்தால் அவருடைய இடது பாதம் உள்நோக்கி வளைந்துபோயிற்று. 1836இல் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் ஸ்ட்ரோமையர் என்ற அறுவை மருத்துவர், தோலில் சிறு துளையிட்டுக் குதிகால் தசைநாணை வெட்டி அந்தப் பாதத்தை நிமிர்த்தினார். லிட்டில் அம்முறையைக் கற்றுக்கொண்டு லண்டன் திரும்பி, உடல் முடங்கிய ஏழைகளுக்கென ஒரு மருத்துவமனை அமையக் காரணமானார். அங்கே வந்த குழந்தைகளில் ஒரு சாராருக்குப் பாதத்தில் கோளாறு எதுவும் இல்லை. கால்கள் விறைத்து, தொடைகள் ஒன்றோடொன்று ஒட்டி, முழங்கால்கள் குறுக்கிட்டு நின்றன. அவர் தாய்மார்களிடம் பிரசவம் நடந்த விதத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தார்.

1861 அக்டோபரில் லண்டன் மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் முன் அவர் படித்த கட்டுரை, இப்படிப்பட்ட 47 குழந்தைகளின் விவரங்களைத் தந்தது. கடினமான பிரசவம், குறைமாதப் பிறப்பு, பிறந்ததும் மூச்சுத்திணறல் ஆகியவை மூளையைப் பாதித்து விறைப்பை உண்டாக்குகின்றன என்பது அவர் முடிவு. மூச்சின்றிப் பிறந்து காப்பாற்றப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் ஒரு குறையும் இல்லாமல் தேறிவிடுகிறார்கள் என்பதையும் அதே கட்டுரையில் அவர் சொல்லியிருக்கிறார். பின்வந்தவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிட்டார்கள் என்பதே என் கருத்து. 'லிட்டில் நோய்' என்ற பெயர் நிலைத்தது. அதோடு பிரசவமே காரணம் என்ற எண்ணமும் நிலைத்தது.

அமெரிக்காவில் வில்லியம் ஆஸ்லர் 1889இல் 151 நோயாளிகளின் விவரங்களை ஒரு நூலாகத் தொகுத்தார். ஆனால் லிட்டிலின் முடிவை நேரடியாகக் கேள்வி கேட்டவர் வியன்னாவில் இருந்தார். உளப்பகுப்பாய்வுக்குப் புகழ்பெறுமுன் சிக்மண்ட் ஃபிராய்ட் நரம்பியல் மருத்துவர். குழந்தைகளுக்கான ஒரு பொது மருத்துவ நிலையத்தில் நரம்பு நோய்ப் பிரிவைக் கவனித்துவந்தார். 1891இல் ஆஸ்கர் ரீயுடன் சேர்ந்தும், 1893இலும் 1897இலும் தனியாகவும் குழந்தைகளின் மூளை முடக்கம் பற்றி நூல்கள் எழுதினார். அவருடைய வாதம் இரண்டு கவனிப்புகளில் நின்றது. முதலாவது, கடினமான பிரசவத்தில் பிறந்த பலர் நன்றாகவே வளர்கிறார்கள். இரண்டாவது, விறைப்பு உள்ள குழந்தைகளுக்கு வலிப்பும் அறிவு வளர்ச்சிக் குறைவும் பார்வைக் கோளாறும் சேர்ந்தே காணப்படுகின்றன. அப்படியானால் கருவிலேயே ஏதோ கோளாறு ஏற்பட்டு, பிரசவம் கடினமானதும் அதன் விளைவாகவே இருக்கலாம் அல்லவா? காரணம் என்று நாம் நினைப்பது அறிகுறியாக இருக்கக்கூடும் என்று அவர் கேட்டார். அதைச் சோதித்துப் பார்க்க அன்று வழி இல்லை. கேள்வி ஏறக்குறைய 90 ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது.

ரோச்ஃபோர்டின் வெயில்

அந்த இடைக்காலத்தில் சிகிச்சை பெரும்பாலும் எலும்பு, தசை, பயிற்சி என்ற அளவில் நகர்ந்தது. வின்த்ரோப் ஃபெல்ப்ஸ் 1937இல் பால்டிமோரில் இக்குழந்தைகளுக்கென்றே ஒரு மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கினார். 1947இல் அவரோடு சேர்ந்து அமெரிக்க மூளை முடக்குவாதக் கழகத்தை நிறுவிய அறுவருள் ஒருவரான ஏர்ல் கார்ல்சன், தாமே மூளை முடக்குவாதத்தோடு பிறந்து மருத்துவரானவர். லண்டனில் பெர்த்தா, காரெல் போபாத் தம்பதியினர் வகுத்த கையாளல் முறை உலகெங்கும் பரவியது. தடுப்பில் முதல் பெரிய வெற்றியோ யாரும் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து வந்தது.

பிறந்த குழந்தையின் இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி மிக அதிகமானால், அது மூளையின் ஆழத்திலுள்ள அடிக்கரு முடிச்சுகளில் படிந்து அவற்றைக் கெடுக்கிறது. பிழைக்கும் குழந்தைக்குக் கையும் கழுத்தும் முகமும் கட்டுப்பாடின்றி முறுக்கிக்கொள்ளும் வகை முடக்குவாதம் வரும்; கேள்வித்திறனும் போகலாம். இரத்த மாற்றம் ஒன்றே அன்றிருந்த வழி.

இங்கிலாந்தின் எஸ்செக்ஸ் வட்டாரத்தில் ரோச்ஃபோர்ட் மருத்துவமனை. அங்கே குறைமாதக் குழந்தைகள் பிரிவின் தலைமைச் செவிலியர் வார்டு என்பவர். நல்ல வெயிலடிக்கும் நாள்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிவருவது அவர் வழக்கம். 1956இல் ஒருநாள் அந்தப் பிரிவைச் சுற்றிவந்த மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைத் துணி விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, ஒரு முக்கோணத் துண்டு மட்டும் அழுத்தமான மஞ்சளாக இருந்தது. ஏதும் மருந்து தடவினீர்களா என்று மருத்துவர் கேட்டார். துணியின் முனை மூடியிருந்த இடம் அது, மற்ற இடமெல்லாம் வெயில் பட்டு வெளுத்திருக்கிறது என்றார் செவிலியர். பிறகு, சன்னலோரத்தில் வெயில்படக் கிடந்த ஓர் இரத்தக் குழாயில் பிலிருபின் அளவு குறைந்திருந்ததும் கவனிக்கப்பட்டது. அம்மருத்துவமனையின் மருத்துவர் கிரீமரும் உடன் பணியாற்றியோரும் ஒளிச்சிகிச்சைக் கருவி ஒன்றை உருவாக்கி 1958இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இன்று நம் ஊரில் "குழந்தையை லைட்டில் வைத்திருக்கிறார்கள்" என்று பாட்டிமார் சொல்வது இந்தச் சிகிச்சையைத்தான். முறையான மருத்துவ வசதி உள்ள இடங்களில் இந்த வகை முடக்குவாதம் அரிதாகிவிட்டது. கூர்ந்து பார்த்த ஒரு செவிலியரின் சொல்லை மருத்துவர்கள் செவிகொடுத்துக் கேட்டதால் இது நடந்தது. மூளை முடக்குவாத வரலாற்றில் அவருக்குரிய இடத்தை நாம் இன்னும் போதிய அளவு தரவில்லை.

எண்கள் பேசியபோது

1959 முதல் 1966 வரை அமெரிக்காவில் 12 மருத்துவமனைகளில் சுமார் 54,000 கர்ப்பங்கள் பதிவுசெய்யப்பட்டு, பிறந்த குழந்தைகள் ஏழு வயதுவரை பின்தொடரப்பட்டனர். முந்தைய ஆய்வுகள் முடங்கிய குழந்தையிலிருந்து பின்னோக்கிப் போய்த் தாயின் நினைவைக் கிளறின. இங்கோ, விளைவு தெரிவதற்கு முன்பே ஒவ்வொரு நிகழ்வும் எழுதிவைக்கப்பட்டிருந்தது. ஃபிராய்டின் கேள்வியைச் சோதிக்க இப்போதுதான் கருவி கிடைத்தது.

கேரின் நெல்சனும் ஜோனஸ் எல்லன்பெர்க்கும் இத்தரவுகளை ஆராய்ந்தார்கள். முடக்குவாதம் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு 55 பேர், பிறந்த குழந்தையின் நிலையை அளக்கும் ஆப்கார் மதிப்பெண்ணை முதல் நிமிடத்திலேயே 7க்குக் குறையாமல் பெற்றவர்கள். ஐந்தாவது நிமிடத்தில் இது நூற்றுக்கு 73 பேர். அதாவது, பெரும்பாலோர் அழுதபடியேதான் பிறந்தார்கள். 1986இல் வெளிவந்த இவர்களது ஆய்வில், மூச்சுத்திணறலின் அறிகுறி ஏதேனும் இருந்தவர்கள் நூற்றுக்கு 21. அவர்களிலும் பிறவிக் குறைபாடு, மிகக் குறைந்த எடை, சிறுத்த தலை போன்ற வேறு காரணங்கள் இருந்தவர்களை ஒதுக்கிப் பார்த்தால், மிஞ்சியது நூற்றுக்கு 9 மட்டுமே.

இதே காலத்தில் பிரசவத்தின்போது கருவின் இதயத்துடிப்பை இயந்திரம் கொண்டு இடைவிடாது பதியும் முறை பரவிவந்தது. மூச்சுத்திணறலை முன்கூட்டி அறிந்து அறுவை செய்தால் முடக்குவாதம் குறையும் என்பது நம்பிக்கை. டப்ளினில் ஏறக்குறைய 13,000 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1985இல் வந்தது. இயந்திரப் பதிவு வைத்தவர்களிடம் பிறந்த குழந்தைகளின் வலிப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் நான்கு வயதில் பார்த்தபோது முடக்குவாதம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. தன் உடம்பு செய்த தவறால், தான் முக்கத் தெரியாததால் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்று ஆயுளெல்லாம் நொந்துகொள்ளும் தாய்மாருக்கு இந்த முடிவுகளை யாராவது எடுத்துச் சொல்லவேண்டும்.

காரணத்தைப் பிரசவத்துக்கு முன்னால் தேடிய நெல்சன் வேறொன்றையும் கண்டார். கலிஃபோர்னியாவில் 1,500 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைகளை ஒப்பிட்டு, ஜூடித் கிரெதருடன் 1995இல் அவர் வெளியிட்ட ஆய்வு அது. முடக்குவாதம் வந்த குழந்தைகளின் தாய்மாரில் நூற்றுக்கு 7 பேருக்கே மக்னீசியம் சல்பேட் ஊசி போடப்பட்டிருந்தது. முடக்குவாதம் இல்லாதவர்களின் தாய்மாரில் இது 36. பேதியுப்பு என்று நாம் அறிந்த அதே பொருள். கர்ப்பகால வலிப்பைத் தடுக்க நெடுங்காலமாகப் பயன்படுவது. 2008இல் 2,241 பெண்களிடம் நடந்த அமெரிக்கச் சோதனையில், மிதமான அல்லது கடுமையான முடக்குவாதம் 3.5 விழுக்காட்டிலிருந்து 1.9ஆகக் குறைந்தது. குறைமாதப் பிரசவம் நெருங்கும்போது இந்த ஊசியைப் போடுவது இன்று பல நாடுகளில் நடைமுறை. விலையோ மிகக் குறைவு.

குளிர்விப்பும் தெற்காசியாவும்

மூச்சுத்திணறல் உண்மையாகவே காரணமாகும் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஒரு சிகிச்சை உருவானது. பிறந்த 6 மணி நேரத்துக்குள் உடல் வெப்பத்தை 33.5 டிகிரிக்குத் தணித்து 72 மணி நேரம் வைத்திருப்பது. 2005இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் இறப்பு அல்லது மிதமான, கடுமையான ஊனம் 62 விழுக்காட்டிலிருந்து 44ஆகக் குறைந்தது. பணக்கார நாடுகளில் அது வழக்கமான சிகிச்சையாயிற்று. நம் நாட்டிலும் பல மருத்துவமனைகள் பின்பற்றத் தொடங்கின.

அது இங்கே பலிக்கிறதா என்று முறையாகப் பார்த்தது 'ஹீலிக்ஸ்' சோதனை. சென்னை, பெங்களூரு, மும்பை, இலங்கையின் ராகம, வங்கதேசத்தின் டாக்கா ஆகிய இடங்களின் மருத்துவமனைகளில் 408 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். 2021இல் வெளிவந்த முடிவு பலரையும் திகைக்கவைத்தது. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 விழுக்காட்டினர் இறந்தனர், குளிர்விக்கப்படாதவர்களில் 31. பிழைத்தவர்களின் ஊனமும் சேர்ந்த கணக்கில் பயன் எதுவும் தென்படவில்லை. நடுத்தர, குறைந்த வருவாய் நாடுகளில், தீவிர சிகிச்சை வசதி இருந்தாலும்கூட, இதைச் செய்யவேண்டாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். இங்குள்ள குழந்தைகளுக்கு மூளைப் பாதிப்பு பிரசவ வலிக்கு முன்பே, மெதுவாக, நீண்ட நேரமாக நடந்திருக்கலாம் என்பது இப்போது ஆராயப்படும் விளக்கம். எங்கோ நிரூபணமான சிகிச்சையை நம் குழந்தைகளிடமும் சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளக்கூடாது என்று நான் உறுதியாகக் கருதுவதற்கு இந்த எண்களே போதும்.

காரணம் பிரசவத்துக்கு முன்பே இருக்கலாம் என்ற திசையிலேயே மரபணு ஆய்வும் செல்கிறது. 2020இல் 250 குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் ஆராய்ந்த குழு, ஏறத்தாழ நூற்றுக்கு 14 பேரிடம் மரபணு மாற்றங்களே காரணமாகலாம் என்று கணித்தது.

மூன்றாம் மாதத்தின் அசைவுகள்

நோயறிதல் நீண்டகாலம் காத்திருப்பதாகவே இருந்தது. தலை நிற்கவில்லை, உட்காரவில்லை, நடக்கவில்லை என்று ஒவ்வொன்றாகத் தவறிய பிறகு, ஒன்றரை, இரண்டு வயதில் பெயர் சொல்லப்பட்டது. "சில குழந்தை லேட்டாத்தான் நடக்கும்" என்ற ஆறுதலில் மாதங்கள் கரைந்தன. ஹைன்ஸ் பிரெக்டல் என்ற நரம்பியலாளர் வேறு வழி காட்டினார். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். விழித்திருக்கவேண்டும், அழக்கூடாது. கிலுகிலுப்பை காட்டக்கூடாது, பேச்சுக் கொடுக்கக்கூடாது. சில நிமிடங்கள் படம் எடுத்தால் போதும். மூன்று முதல் ஐந்து மாதம்வரை நலமான குழந்தையின் கழுத்திலும் தோளிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் கணுக்காலிலும் சிறுசிறு அசைவுகள் எல்லாத் திசையிலும் இடையறாது ஓடிக்கொண்டிருக்கும். 1997இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் 130 குழந்தைகள். இந்த அசைவு இல்லாத அல்லது மாறுபட்ட 60 பேரில் 57 பேருக்குப் பின்னர் நரம்பியல் குறைபாடு தெரிந்தது. அவர்களில் 49 பேருக்கு மூளை முடக்குவாதம். இதனோடு எம்ஆர்ஐ படத்தையும் ஹாமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனையையும் சேர்த்தால் ஆறு மாதத்துக்குள்ளேயே அறிந்துவிடலாம் என்று அயோனா நோவக் தலைமையிலான பன்னாட்டுக் குழு 2017இல் வழிகாட்டியது.

சீக்கிரம் அறிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். நோவக்கும் உடனிருந்தோரும் 2013இல் எல்லாச் சிகிச்சைகளின் சான்றுகளையும் தொகுத்தபோது, சிகிச்சையாளர் குழந்தையின் உடலைக் கையாளும் போபாத் போன்ற முறைகள் பின்தங்கின. குழந்தையே ஒரு குறிக்கோளை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிகள் முன்நின்றன. ஒரு பக்கம் முடங்கிய குழந்தையின் நல்ல கையை உறையிட்டு வைத்து, முடங்கிய கையால் கிண்ணத்திலிருந்து பொரியை எடுக்கவைப்பது இத்தகையது. மூளை வேகமாக வளரும் முதல் ஆண்டிலேயே இவற்றைத் தொடங்கலாம்.

இடுப்பு மூட்டுக்கும் அதே முன்கவனம் தேவை. நடக்க இயலாத குழந்தைகளின் தொடை எலும்பு குழியிலிருந்து சிறிதுசிறிதாக நழுவும். முழுதும் விலகினால் வலி தாளாது, உட்காரவும் முடியாது. தெற்கு ஸ்வீடனில் 1994 முதல் எல்லாக் குழந்தைகளையும் பதிவேட்டில் சேர்த்து, குறித்த கால இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்து, நழுவத் தொடங்கும்போதே சிகிச்சை செய்தார்கள். முன்பு நூற்றுக்கு 8, 9 பேருக்கு விலகிய இடுப்பு, ஒன்றுக்கும் கீழே வந்தது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் நம் மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் ஏற்பட்டிருக்கின்றன. எக்ஸ்ரே கருவி மாவட்ட மருத்துவமனையில் இருக்கிறது. பெயர், வயது, கடைசியாகப் படம் எடுத்த தேதி, அடுத்து வரவேண்டிய தேதி ஆகியவற்றை எழுதிவைக்கும் ஒரு பதிவேட்டையும், வராத குழந்தையின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேச ஓர் ஆளையும் அங்கே ஏற்படுத்திவிட்டால் இந்த வேலையைத் தொடங்கலாம்.