சிலிக்கோசிஸ்: கோலார் தங்கவயலின் நுரையீரல் நோய்

படிக சிலிக்காத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களின் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவதே சிலிக்கோசிஸ். இந்தியாவில் இது முதன்முதலாகப் பதிவானது 1947இல், கோலார் தங்கவயலில்.

வினை பாறையிலேயே இருந்தது. இங்கே தங்கம் குவார்ட்ஸ் எனும் வெண்கல் நரம்புகளுக்குள் கிடந்தது. குவார்ட்ஸ் என்பது படிக சிலிக்காவேதான். மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் சுரங்கங்களில் அதைத் துளைத்தும் வெடித்தும் எடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். தண்ணீர் பாய்ச்சாமல் டிரில் போட்டால் துளையிலிருந்து வெள்ளை மாவு போலத் தூசி கிளம்பும்.

கண்ணுக்குத் தெரியும் அந்த மாவு பெரிய ஆபத்தல்ல. பெரிய துகள்களை மூக்கு முடியும் சளியும் மடக்கிவிடும். மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மேலே தள்ள, இருமினால் வெளியே வந்துவிடும். 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்தான் இந்தக் காவலையெல்லாம் தாண்டிக் காற்றறை வரை போய்ச் சேர்கிறது. அதை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல் ஜீரணிக்க முடியாமல் செத்து, துகளைத் திரும்பக் கக்குகிறது. அடுத்த செல் வந்து விழுங்குகிறது, அதுவும் சாகிறது. அந்த இடத்தில் அழற்சியும், பிறகு தழும்பு முடிச்சும். எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் சிறு பொட்டுகளாகத் தெரிவது இந்த முடிச்சுகளே.

மேல்பகுதியில் நிழல், இருமல், இளைப்பு என்றால் காசநோயும் அப்படித்தான் இருக்கும். போதாக்குறைக்கு, சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றும். ஆகவே சளிப் பரிசோதனையும் வேண்டும், ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும் முன் ஒரு கேள்வியும் வேண்டும்: “என்ன வேலை பார்த்தீங்க, எத்தனை வருஷம்?” மருத்துவ மாணவர்கள் அவசரத்தில் விட்டுவிடுவது இந்தக் கேள்வியைத்தான்.

தழும்பை மாற்றும் மருந்து இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் ஆக்சிஜன், இழுப்பு இருந்தால் இன்ஹேலர், தடுப்பூசி, மூச்சுப் பயிற்சி, புகையை விடுவது; அவ்வளவே. தடுப்பு சுரங்கத்துக்குள்ளேதான்: தண்ணீர் பாய்ச்சும் டிரில், காற்றோட்டம், முகக்கவசம்.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. தூசியை விட்டு விலகி வந்த பிறகும் இந்நோய் முற்றக்கூடும் என்பதால், ஓய்வுபெற்ற தொழிலாளியின் எக்ஸ்ரேயையும் பழைய படத்தோடு ஒப்பிட்டே பார்க்க வேண்டும். அரைத்துக் கொட்டிய பாறை மாவோ ‘சைனைடு மேடுகள்’ எனப்படும் குவியல்களாக ஊருக்குள்ளேயே குவிந்து கிடக்கிறது. காற்றுக் காலத்தில் அது வீட்டு வாசல் வரை வரும்.