மருந்து முந்தியது, அளவுகோல் பிந்தியது: டெஸ்டோஸ்டிரோன் மாற்றுச் சிகிச்சையின் வரலாறு

1922இல் இன்சுலின் கிடைத்தபோது அதை யாருக்குக் கொடுப்பது என்று எந்த மருத்துவரும் தயங்க வேண்டியிருக்கவில்லை. சிறுநீரில் சர்க்கரை தெரிந்தது. குழந்தைகள் கண்ணெதிரே மெலிந்து இறந்துகொண்டிருந்தார்கள். 1935இல் டெஸ்டோஸ்டிரோன் கிடைத்தபோது நிலைமை அப்படி இல்லை. மருந்து கையில் இருந்தது. அது யாருடைய உடலில் குறைந்திருக்கிறது என்று கண்டறியும் எளிய வழி மட்டும் இல்லை. அந்த வழி வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் ஆசையும் அச்சமும் விளம்பரமும் மாறி மாறி அந்த இடத்தை நிரப்பின. இந்தச் சிகிச்சையைப் பற்றி இன்றும் நீடிக்கும் குழப்பங்களில் பெரும்பாலானவை அந்த இடைவெளியில் பிறந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சேவலின் கொண்டை

1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்த்தோல்டு ஆறு இளஞ்சேவல்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். காயடிக்கப்பட்ட சேவலின் கொண்டை சுருங்கும்; அது கூவுவதையும் சண்டையிடுவதையும் விட்டுவிடும். விரைகளை அகற்றி, வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் பதித்துவைத்தபோது அவை மற்றச் சேவல்களைப் போலவே வளர்ந்தன. பழைய நரம்புத் தொடர்பு அறுபட்டிருந்ததால், விரைகள் இரத்தத்தின் வழியாகவே உடலை ஆள்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஹார்மோன் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. அவருடைய கண்டுபிடிப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

கவனம் கிடைத்தது வேறொருவருக்கு. 1889 ஜூன் 1 அன்று பாரிஸில் உயிரியல் கழகத்தின் கூட்டத்தில், 72 வயதான சார்லஸ் எடுவார் பிரவுன்-செக்கார் தன் உடலில் தானே செய்துகொண்ட சோதனையை விவரித்தார். நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைகளைப் பிழிந்தெடுத்த நீரை ஊசியாகப் போட்டுக்கொண்டதால் உடல் வலிமையும் சிந்தனைக் கூர்மையும் திரும்பியதாகச் சொன்னார். நரம்பியலில் அழியாத பங்களிப்புச் செய்த அறிஞர் அவர். பொய் சொல்லும் ஆளில்லை. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் நீரில் மிகக் குறைவாகவே கரையும். அவர் செய்த முறையிலேயே நவீன ஆய்வகத்தில் சாறு தயாரித்துப் பார்த்தவர்கள், அதில் இருந்த ஹார்மோன் எந்த விளைவையும் தரப் போதாது என்று காட்டினார்கள். அவர் உணர்ந்தது நம்பிக்கையின் விளைவு. இந்தச் சிகிச்சையின் வரலாறு நெடுக இந்த நம்பிக்கை விளைவு கூடவே வருவதால்தான் அதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

குரங்கின் விரைத் துண்டை மனிதனுக்குள் பதித்த வோரோனாஃப், விந்துக் குழாயைக் கட்டிவிட்டால் இளமை திரும்பும் என்ற வியன்னாவின் ஸ்டைனாக், ஆட்டு விரை வைத்துப் பணம் சேர்த்த அமெரிக்காவின் பிரிங்க்லி ஆகியோரின் காலம் அடுத்து வந்தது. ஸ்டைனாக்கின் அறுவையைச் சிக்மண்ட் ஃபிராய்டும் கவிஞர் யேட்ஸும் செய்துகொண்டார்கள் என்பதிலிருந்தே அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்று அறியலாம்.

உண்மையான வேலை வேதியியலாளர்களின் கையில் நடந்தது. 1927இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் காக்கும் அவருடைய மாணவர் மெக்கீயும், இறைச்சிக்கூடங்களிலிருந்து வந்த சுமார் 18 கிலோ காளை விரைகளிலிருந்து 20 மில்லிகிராம் சாரத்தைப் பிரித்தார்கள். அதில் வீரியம் இருக்கிறதா என்று அறியக் காயடித்த சேவலுக்கே அதைச் செலுத்தி, கொண்டை எவ்வளவு வளர்கிறது என்று பார்த்தார்கள். 1931இல் அடால்ஃப் பூட்டனான்ட் சுமார் 15,000 லிட்டர் சிறுநீரிலிருந்து 15 மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டிரோனை எடுத்தார். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கூரின் குழு காளை விரைகளிலிருந்து தூய ஹார்மோனைப் பிரித்து அதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயரிட்டது. அதே ஆண்டில் பூட்டனான்டும் லியோபோல்டு ருசிக்காவும் தனித்தனியே அதைக் கொலஸ்டிராலிலிருந்து செயற்கையாகத் தயாரித்தார்கள். இருவருக்கும் 1939இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. நாஜி அரசின் நெருக்கடியால் பூட்டனான்ட் அப்போது அதைப் பெற முடியவில்லை.

முதல் நோயாளிகள்

இரண்டே ஆண்டுகளில், வளர்ச்சி குன்றிய ஆண்களுக்கு இந்த ஹார்மோனைச் செலுத்திய முடிவுகள் மருத்துவ இதழ்களில் வரத் தொடங்கின. குரல் உடைந்தது, தாடி முளைத்தது, தசை திரண்டது. விரைகள் இல்லாதவர்களுக்கும், பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்தவர்களுக்கும் இது உண்மையாகவே புது வாழ்வு. 1942இல் கிளைன்ஃபெல்டரும் 1944இல் கால்மனும் தத்தம் பெயரில் இன்று அறியப்படும், பிறவியிலேயே விரைச் சுரப்பைக் குறைக்கும் நோய்களை விவரித்தபோது, இந்த மருந்து யாருக்காக வந்ததோ அவர்களின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

1944இல் கார்ல் ஹெல்லரும் கார்டன் மையர்ஸும் வெளியிட்ட கட்டுரை என் பார்வையில் இந்த வரலாற்றின் மிக நேர்மையான பக்கம். நடுவயதில் சோர்வு, படபடப்பு, இச்சைக் குறைவு என்று வந்த ஆண்களின் சிறுநீரில், பிட்யூட்டரியின் தூண்டுசுரப்பு எவ்வளவு இருக்கிறது என்று விலங்குச் சோதனை மூலம் அளந்தார்கள். விரை சோர்ந்தால் பிட்யூட்டரி கூடுதலாகச் சுரந்து அதைத் தட்டியெழுப்பப் பார்க்கும். ஆகவே தூண்டுசுரப்பு மிகுந்திருந்தவர்களையே உண்மையான குறைபாடு உள்ளவர்களாகக் கொண்டார்கள். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் பலன் தந்தது. அதே தொல்லைகளைச் சொல்லியும் தூண்டுசுரப்பு இயல்பாக இருந்தவர்களுக்குத் தரவில்லை. ஒரே முறையீட்டோடு வரும் இருவரில் ஒருவருக்கே இந்த மருந்து வேண்டும், யாருக்கு என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும் என்பதை அவர்கள் அன்றே நிறுவிவிட்டார்கள். ஆனால் அந்தச் சோதனை கடினமானது, மெதுவானது. ஊசி எளிதாகக் கிடைத்தது. மறு ஆண்டே பால் டி க்ரைஃப் எழுதிய ‘தி மேல் ஹார்மோன்’ என்ற நூல் இந்த மருந்தைப் பொதுமக்களிடம் கொண்டுபோனது.

நீண்ட அச்சம்

ஆசை ஒரு பக்கம் வளர, அச்சம் மறுபக்கம் வேர்விட்டது. 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும், விரைகளை அகற்றினால் பரவிய புரோஸ்டேட் புற்றுநோய் அடங்குகிறது என்று காட்டினார்கள். எண்ணற்ற உயிர்களை நீட்டித்த கண்டுபிடிப்பு அது. ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் கிடைத்தது. அதே கட்டுரையில், டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் அந்தப் புற்றுநோய் தூண்டப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். 2006இல் ஹார்வர்டு மருத்துவர் ஆபிரகாம் மார்கன்டாலர் மூலக்கட்டுரையைத் திரும்பப் படித்துப் பார்த்தார். ஊசி போடப்பட்டவர்கள் மூவர். முடிவு தரப்பட்டது இருவருக்கு. அவர்களில் ஒருவர் ஏற்கெனவே விரை அகற்றப்பட்டவர். மிஞ்சியது ஒரே ஒரு நோயாளி. அறுபது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்த எச்சரிக்கையின் ஒரு பெரிய தூண் அவ்வளவு மெலிந்தது. பரவிய புற்றுநோய் உள்ளவருக்கு இம்மருந்து இன்றும் கூடாது என்பது வேறு விஷயம். நோயே இல்லாதவர்களுக்கும் அந்த அச்சத்தால் சிகிச்சை மறுக்கப்பட்டது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

மருந்தைச் செலுத்தும் முறைகள் இதற்கிடையே மாறிக்கொண்டே வந்தன. வாய்வழியே விழுங்கினால் கல்லீரல் அதை உடனே சிதைத்துவிடும். சிதையாதபடி மாற்றிய மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் கல்லீரலையே கெடுத்தது. 1950களில் வந்த எனந்தேட், சிபியோனேட் ஊசிகள் எண்ணெயில் கரைந்து தசையில் தங்கி மெல்லக் கசிபவை. ஊசி போட்ட சில நாட்கள் அளவு உச்சத்தில், அடுத்த ஊசிக்கு முன் அடிமட்டத்தில் என்று நோயாளியின் மனநிலையும் கூடவே ஏறி இறங்கியது. 1990களில் ஒட்டுப்பட்டை, 2000இல் தோலில் தடவும் ஜெல், பிறகு சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அன்டெக்கனோயேட் ஊசி என்று வந்தன.

விளம்பரமும் அளவீடும்

ஜெல் வந்தபின் சிகிச்சையின் இயல்பே மாறியது. ஊசி வேண்டாம், வலி இல்லை, நாளும் குளித்துவிட்டுத் தோளில் தடவினால் போதும். அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ‘லோ டி’ என்ற பெயரில் ஒரு புதிய நோய் அறிமுகமானது. இரவு உணவுக்குப் பின் தூங்கிவிடுகிறீர்களா என்பது போன்ற கேள்விகள் அடங்கிய பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்று பரவியது. அதை உருவாக்கப் பணம் கொடுத்தது ஆர்கனான் மருந்து நிறுவனம். உழைத்துக் களைத்த எந்த ஆணும் அதில் தேறிவிடுவான். அமெரிக்காவில் 40 வயதைக் கடந்த ஆண்களில் இந்த மருந்தை எடுத்தவர்கள் 2001இல் 0.81 விழுக்காடு, 2011இல் 2.91 விழுக்காடு. புதிதாகத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முந்தைய ஓராண்டில் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவே பார்க்கப்படவில்லை.

அளக்கும் கருவி அப்போது இல்லாமல் இல்லை. யாலோவும் பெர்சனும் இன்சுலினுக்காக உருவாக்கிய கதிரியக்க நோயெதிர்ப்பு அளவீடு, 1970களிலேயே டெஸ்டோஸ்டிரோனுக்கும் பயன்பட்டது. ஆனால் காலையில் உயர்ந்து மாலையில் தாழும் சுரப்பு இது. உடல் பருத்தாலும், காய்ச்சலில் படுத்தாலும் குறையும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண்ணும் மாறும். பருமனற்ற, ஆரோக்கியமான இளம் ஆண்களிடம் ஒரே தரத்தில் அளந்து, டெசிலிட்டருக்கு 264 முதல் 916 நானோகிராம் வரை என்று ஓர் இயல்பு வரம்பு வெளியானது 2017இல்தான். மருந்து தயாரான 82 ஆண்டுகளுக்குப் பிறகு.

எண்ணை மட்டும் பார்த்தாலும் போதாது. 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு, 40 முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆண்களைப் பரிசோதித்தது. குறைந்த அளவோடு பாலியல் சார்ந்த மூன்று அறிகுறிகளும் சேர்ந்திருந்தால் மட்டுமே குறைபாடு என்று கொண்டால், அவர்களில் 2.1 விழுக்காட்டினரே தேறினார்கள். விளம்பரம் கண்ட கூட்டம் எங்கே, ஆய்வு கண்ட இந்தச் சிறு தொகை எங்கே!

குழந்தை வேண்டும் ஆண்களுக்கு இந்த அவசரம் செய்த கேட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் பிட்யூட்டரி தன் தூண்டுசுரப்பை நிறுத்திக்கொள்ளும், விரைகள் ஓய்ந்துவிடும். 1990இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் ஊசி பெற்ற 271 ஆண்களில் 157 பேருக்கு விந்தணுவே இல்லாமல் போனது. அந்த ஆய்வு நடந்ததே கருத்தடை முறை தேடி. அப்படியிருக்க, குழந்தையில்லை என்று வருபவருக்கு இதே மருந்தை எழுதிக் கொடுப்பது மன்னிக்க முடியாத பிழை. அவர்களில் தூண்டுசுரப்பு குறைந்தவர்களுக்கு வேண்டியது அந்தத் தூண்டுசுரப்பையே தரும் கொனடோட்ரோபின் ஊசி.

சோதனைகள் சொன்னவை

2003இல் அமெரிக்க மருத்துவக் கழகம், முதியோரிடம் பலன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்று அறிவுறுத்தியது. அதன்படி நடந்த ‘டி டிரையல்ஸ்’ ஆய்வுக்கு 65 வயதுக்கு மேற்பட்ட 790 பேரைத் தேர்ந்தெடுக்க, 51,085 பேரைச் சலிக்க வேண்டியிருந்தது. 2016இல் தொடங்கி வெளிவந்த முடிவுகள் நிதானமானவை. பாலியல் நாட்டம் ஓரளவு கூடியது, இரத்தசோகை குறைந்தது, எலும்பு அடர்ந்தது. களைப்பு நீங்கவில்லை. நினைவாற்றல் வளரவில்லை.

இதயத்தைப் பற்றிய கேள்வி தனியே நின்றது. 2010இல் நடமாட்டம் குறைந்த முதியோரிடம் நடந்த ஒரு சோதனை, இதயச் சிக்கல்கள் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. 2015இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, முதுமையால் வரும் குறைவுக்கு இம்மருந்து ஒப்புதல் பெற்றதல்ல என்று தெளிவாக்கி, நிறுவனங்களே இதயப் பாதுகாப்பைச் சோதித்துக் காட்ட வேண்டும் என்றது. அதன் விளைவு ‘டிராவர்ஸ்’: இதயநோய் உள்ள அல்லது வரக்கூடிய, 45 முதல் 80 வயது வரையிலான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள். 2023இல் வெளியான முடிவில் இதயத்தாக்கு, பக்கவாதம், இதயம் சார்ந்த இறப்பு ஆகியவை சேர்ந்து மருந்து பெற்றவர்களில் 7.0 விழுக்காடு, மருந்துப்போலி பெற்றவர்களில் 7.3 விழுக்காடு. புரோஸ்டேட் புற்றுநோயும் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. ஆனால் சீரற்ற இதயத்துடிப்பும் நுரையீரல் இரத்தக்கட்டும் கூடின. 2024இல் வந்த துணை முடிவு எதிர்பாராதது: எலும்பு அடர்த்தியைக் கூட்டும் மருந்தை எடுத்தவர்களிடமே எலும்பு முறிவு அதிகம். 2025இல் மருந்தோடு வரும் விவரக்குறிப்பில் டிராவர்ஸ் முடிவு சேர்க்கப்பட்டது. இரத்த அழுத்தம் உயரலாம் என்ற எச்சரிக்கையும் வந்தது. முதுமைக் குறைவுக்கு ஒப்புதல் இல்லை என்ற வரி நீக்கப்படவில்லை.

இந்தப் பெருஞ்சோதனைகள் நடுவயதையும் முதுமையையும் பற்றியவை. பருவ வயது தொட்டு வாழ்நாள் முழுதும் இந்த மருந்தோடு வாழ வேண்டிய கிளைன்ஃபெல்டர் நோயாளிகளைப் பற்றி இந்த அளவில் ஆய்வுகள் இல்லை. ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கும் நிலை இது. டென்மார்க்கில் 2003இல் வெளியான கணக்கின்படி, அவர்களில் நால்வரில் ஒருவருக்கே நோய் கண்டறியப்பட்டிருந்தது. ஜெல் விற்பனை ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை.