கையறிவும் கல்விச்சாலையும்



நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டில் தோன்றியது. அதனையடுத்த எங்கள் கம்மாபுரம் வட்டாரத்தில் கொத்தனார் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு நான் ஆசிரியனாக இருந்தேன். தந்தையின் தொழில் யாதெனக் கேட்டால் சிலர் தலைகுனிவர். அத்தயக்கத்தைப் போக்கவல்ல வரலாறொன்றை இன்று கூற விழைகின்றேன்.

வீட்டிற்கு மூலை பிடிக்கும் கொத்தனார், ஒரு நூலில் 3 அடியும் மற்றொன்றில் 4 அடியும் குறிப்பார். இரு குறிகளுக்கும் இடையே 5 அடி இருப்பின் மூலை செங்கோணமாகும். பிதாகரசு தேற்றம் என்று நாம் படிப்பதும் இதுவே. பூசிய சுவருக்கு அவர் நாள்தோறும் தண்ணீர் தெளிப்பார். சிமென்டு உலர்வதால் இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிந்தே இறுகுகின்றது. இவற்றைச் செய்யத் தெரிந்தவர் தொழிலாளர். ஏன் என்று விளக்கவும் தெரிந்தவர் ஆசிரியர்.

மயமதம், மானசாரம் முதலிய வடமொழி நூல்கள் கோயிலுக்கேயன்றிக் குடியிருக்கும் மனைக்கும் அளவு கூறுகின்றன. எனினும் அவ்வறிவு பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கென்று குடும்பங்களுக்குள்ளேயே நின்றது. 1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் நிறுவப்பட்டது. வைத்தியநாத ஸ்தபதி அதன் முதல் தலைவரானார். உளி பிடித்தவர் கரும்பலகையின் முன் நின்றார்; குடும்பச் சொத்தாக இருந்த கலை பாடமாயிற்று.

அவருக்குப் பின் அவர் மகன் கணபதி ஸ்தபதி அப்பொறுப்பை ஏற்று 1988 வரை நடத்தினார். பிள்ளையார்பட்டியில் 1927இல் பிறந்த அவர், காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் பயின்றவர். மரபும் கணிதமும் அவரிடத்தே கைகோத்தன. 2000ஆம் ஆண்டில் குமரிமுனையில் திறக்கப்பெற்ற அவரது திருவள்ளுவர் சிலையைக் காண்க. பீடம் 38 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. மொத்த உயரம் 133 அடி. குறளின் அதிகாரங்களும் 133. அளவும் பொருள் பேசும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சியில் எமக்குக் கற்பித்தனர். தொழிலிலிருந்து வகுப்பறைக்கு வருபவரிடம் அந்தத் ‘தெரிந்தது’ நிறைய உண்டு. அதனைச் சொல்லாக்கும் பயிற்சியே அவருக்கு வேண்டுவது. இரண்டும் பிரிந்து நின்றால், ஏட்டறிவு சுவர் எழுப்பாது. கையறிவும் அதனை உடையவரோடு மறைந்துபோகும்.

ஆதலின் கட்டடத் தொழிலாளரின் மக்களே, உங்கள் இல்லத்தில் ஒரு கல்விச்சாலை இருக்கின்றது. அங்கே கேளுங்கள், கேட்டதைக் காரணத்தோடு எழுதி வையுங்கள். நாளைய ஆசிரியர்கள் உங்களிடையேயிருந்து வரட்டும்!