சிவாஜிநகரில் சுட்ட மீன்

சென்னையிலிருந்து இருப்புப்பாதை வழியே 350 கிலோமீட்டருக்கு அப்பால், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரின் சிவாஜிநகரில் மீன் சுடும் வழக்கம் வேரூன்றியதற்கு, அங்குக் குடியேறிய தமிழரும் அவர்களைத் தொடர்ந்து வந்த இரயிலுமே காரணம். முன்னர் பிளாக்பள்ளி எனப்பட்ட இப்பகுதி, 1809இல் ஆங்கிலேயர் நிறுவிய கண்டோன்மென்டின், அதாவது படைக் குடியிருப்பின், கடைவீதியாக வளர்ந்தது. சென்னை மாகாணப் படைகளோடு சிப்பாய்களும் சமையல்காரர்களும் வணிகர்களுமாகத் தமிழர் பெருமளவில் வந்து சேர்ந்தனர்.

தணலில் மீன் சுடுவதைத் தமிழர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, எயிற்பட்டினத்து நெய்தல் மக்கள் பாணர்க்கு உலர்ந்த குழல்மீனைச் சுட்டு அளித்ததைக் குறிக்கிறது. மாட்டுவண்டிக் காலத்தில் கடல்மீன் உள்நாட்டுக்குக் கெடாமல் வந்து சேரக் கருவாடாவதே வழி என்பதால், பிளாக்பள்ளியின் எளிய வீடுகளிலும் அடுப்புத் தணலில் முதலில் வாட்டப்பட்டது கருவாடாகவே இருந்திருக்க வேண்டும். பச்சைமீன் வேண்டியவர்க்கு ஏரிகளின் கெண்டையும் விராலும் இருந்தன.

1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் கடற்கரை நெருங்கி வந்தது. வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் இறைச்சியை விலக்கும் கத்தோலிக்கர், 1882இல் இன்றைய கோதிக் வடிவம் பெற்ற புனித மரியன்னை ஆலயத்தைச் சூழ்ந்து வாழ்ந்ததும் மீனின் தேவையை வளர்த்தது. நகராட்சி ஆணையர் ரஸ்ஸலின் பெயரால் 1927இல் கட்டப்பட்டு 1933இல் திறக்கப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டில் மீனுக்கும் இடம் அமைந்தது.

ஆங்கிலேயர் பங்களாக்களில் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் செறிவான பகுதி. 1878இல் சென்னையில் வெளிவந்த 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' நூலில் 'வைவர்ன்' என்ற புனைபெயர் கொண்ட கென்னி-ஹெர்பர்ட், தமிழ்ச் சமையல்காரரை 'ராமசாமி' என்ற பொதுப்பெயரால் மட்டுமே சுட்டுகிறார். துரையின் பெயர் அட்டையில் நிலைக்க, புகையில் நின்றவர்களின் பெயர்கள் பதிவாகாமல் போனது பெரும் இழப்பு. 'அவன்' (oven) எனும் மூடிய அடுப்பு இல்லாத சமையற்கட்டில், கனத்த பாத்திரத்தின் அடியிலும் மூடியின் மேலும் தணலிட்டு, இருபுற வெப்பத்தில் மீனை வேகவைக்கும் நுட்பம் அவர்கள் கையில்தான் இருந்தது. மூடியைத் திறக்காமலே, கசியும் மணத்தைக் கொண்டு பதம் அறியும் தேர்ச்சியை எந்த நூலும் தந்துவிட முடியாது.

இன்றைய மின் அவனின் மேல்கம்பியும் கீழ்க்கம்பியும் அதே வேலையையே செய்கின்றன. அயிலை, மத்தி போன்ற கொழுப்பு மிகுந்த மீன்கள் அனல் நேரே பட்டாலும் வறண்டுவிடுவதில்லை. கொழுப்புக் குறைந்த வவ்வாலுக்கோ எண்ணெய்ப் பூச்சோ வாழையிலைப் பொதியோ தேவை. முழு மீனின் இருபுறமும் முள்ளைத் தொடுமளவு கீறி, மஞ்சள், மிளகாய், உப்பு, புளிக்கரைசல் ஆகியவற்றைக் குழைத்துக் கீறல்களுக்குள் அழுத்தித் தடவினால், மசாலா தோலோடு நின்றுவிடாமல் உள்சதைக்கும் எட்டும். புளிப்பில் நெடுநேரம் ஊறினால் சதை தளர்ந்து உதிரும் என்பதால் அரைமணி நேரம் போதுமானது. சதை வெண்மையாகி முள்ளிலிருந்து எளிதில் பிரியும்போதே மீனை வெளியே எடுத்துவிட வேண்டும்.