பேராசிரியர் ஷோங்கு கதைகள்

சத்யஜித் ராய் (1921–1992) வங்காள மொழியில் சிறுவர்களுக்காக எழுதிய விஞ்ஞானக் கதைத் தொடர். 1961-இல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழில் தொடங்கி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீண்டது. முழுமையான கதைகள் 38. முடிக்காமல் விட்டவை 2. பல கதைகளுக்குப் படம் வரைந்தவரும் ராய்தான். சினிமா இயக்குநராக மட்டுமே அவரை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணிக்கை வியப்பாக இருக்கும். வங்காளத்துப் பிள்ளைகளில் பலர் அவரை ஷோங்கு, துப்பறியும் ஃபெலுதா ஆகியோரின் கதாசிரியராகத்தான் முதலில் அறிகிறார்கள்; 'பதேர் பாஞ்சாலி' படம் அப்புறம்தான்.

கதாநாயகர் திரிலோகேஸ்வர் ஷோங்கு. வழுக்கைத் தலை, தாடி, மூக்குக்கண்ணாடி, கல்யாணம் இல்லை. இருபது வயதிலேயே கல்கத்தா ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். 69 மொழிகள் தெரிந்தவர். இவ்வளவு பெரிய மேதை குடியிருப்பது கிரிடி என்னும் சிற்றூரில். அன்று பீகாரில் இருந்தது, இன்று ஜார்க்கண்டில் இருக்கிறது. வீட்டில் ஓர் ஆய்வுக்கூடம், நியூட்டன் என்ற பூனை, பிரஹ்லாத் என்ற வேலைக்காரர். பக்கத்து வீட்டு அவினாஷ் பாபு அவ்வப்போது வந்து ஷோங்குவின் ஆராய்ச்சியைக் கிண்டலடித்துவிட்டுப் போவார்.

முன்னோர்

வங்காளத்தில் சிறுவர்களுக்கான கற்பனைக் கதை ஒரு குடும்பச் சொத்து போலவே வளர்ந்தது. 'சந்தேஷ்' இதழை 1913-இல் தொடங்கியவர் ராயின் தாத்தா உபேந்திரகிஷோர். அவருக்குப்பின் நடத்தியவர் அப்பா சுகுமார் ராய். இடையில் நின்றுபோன இதழை ராய், கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து 1961-இல் மீண்டும் கொண்டுவந்தார். பக்கங்களை நிரப்ப ஆள் வேண்டியிருந்தது. ஷோங்கு பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கோனன் டாயிலின் 'தி லாஸ்ட் வேர்ல்ட்' 1912-இல் வெளிவந்தது. விலங்கியல் பேராசிரியர் ஒருவர் டைனோசர்களைத் தேடிப் போகும் கதை. அதைக் கேலிசெய்து சுகுமார் ராய் 'ஹேஷோராம் ஹுஷியாரின் டைரி' எழுதினார். அதில் வரும் விலங்குகளின் பெயர்கள் வங்காளச் சொற்களுக்கு லத்தீன் வால் முளைத்தவை. உம்மென்று இருப்பதற்கு வங்காளியில் 'கோம்ரா', விலங்கு 'கோம்ராதேரியம்'. கத்துவதற்குச் 'சில்லானோ', விலங்கு 'சில்லானோசாரஸ்'. தமிழில் யாராவது 'சிடுமூஞ்சிசாரஸ்' என்று எழுதியிருந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. சுகுமார் 1923-இல் இறந்தபோது மகனுக்கு வயது இரண்டு. அந்த டைரி வடிவமும், விஞ்ஞானப் பெயர்களை வைத்துச் செய்யும் குறும்பும் மகனின் எழுத்தில் மறுபடி முளைத்தன.

குடும்பத்துக்கு வெளியேயும் முன்னோடிகள் உண்டு. விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் 1896-இல் ஒரு தலைமுடித் தைல நிறுவனம் நடத்திய போட்டிக்குக் கதை எழுதினார். கடலில் ஊற்றிய தைலம் புயலை அடக்கிவிடுவதுதான் கதை. விளம்பரத்துக்கும் ஆயிற்று, விஞ்ஞானத்துக்கும் ஆயிற்று. 1945 முதல் பிரேமேந்திர மித்ரா எழுதிய கனாதா கதைகளில் நாயகர் அளக்கும் அளப்புக்குள் அசல் விஞ்ஞானத் தகவல்கள் ஒளிந்திருக்கும்.

முதல் கதை

1961-இல் வந்த முதல் கதை 'வ்யோம்ஜாத்ரீர் டைரி', அதாவது விண்பயணியின் டைரி. சுந்தரவனக் காட்டில் விண்கல் விழுந்த பள்ளத்தில் ஒரு சிவப்பு நோட்டுப் புத்தகம் கிடைக்கிறது. அதன் மை நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது. நாய் கடித்தும் தாள் கிழியவில்லை; அடுப்பில் போட்டும் எரியவில்லை. அதில் இருப்பது காணாமல்போன ஷோங்கு செவ்வாய்க்குப் புறப்பட்ட கதை.

அந்த ராக்கெட்டை எதைக்கொண்டு செய்தார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நாய்க்குடைக் காளான், பாம்புச் சட்டை, ஆமை முட்டையின் ஓடு. இவற்றைக் கலந்த கலவையோடு வாயில் நுழையாத பெயருடைய ஒரு ரசாயனத்தைச் சேர்த்தால் உலோகம் தயார். முதல் மூன்றும் எந்த ஊர்ச் சூனியக்காரியின் சட்டியிலும் கிடக்கும் சரக்குகள். நான்காவது மட்டுமே ஆய்வுக்கூடத்துச் சரக்கு. ஆனால் எழுதியிருக்கும் தோரணை முழுக்க ஆய்வுக்கூடத்தினுடையது: தேதி போட்டு, எடை குறித்து, தோல்வியையும் மறைக்காமல். பயணச் சாப்பாட்டுக்கு ஆலம்பழச் சாற்றிலிருந்து செய்த 'படிகா இண்டிகா' மாத்திரை. ஒன்றை விழுங்கினால் ஒரு நாள் முழுவதும் பசியோ தாகமோ இல்லை. பூனைக்குத் தனியாக மீன் மாத்திரை.

விதுசேகர் என்ற ரோபோவும் உடன் போகிறது. அதை இணைத்து நிறுத்தியவர் ஷோங்குதான். உயிர் எங்கிருந்து வந்தது என்பது அவருக்கே தெரியாது. அவர் தப்பான ரசாயனத்தைக் கலக்கப் போகும்போது அது தலையை ஆட்டித் தடுக்கிறது.

செவ்வாயில் துரத்தலுக்குத் தப்பி, கடைசியில் டாஃபா என்ற கோளில் இறங்குகிறார்கள். அங்கே வாழ்வது எறும்பு போன்ற பிராணிகள். ஷோங்குவின் மூக்குப்பொடித் துப்பாக்கியால் சுட்டால் எவருக்கும் தும்மல் நிற்காது. இவர்கள்மேல் அது பலிக்கவில்லை. தும்மவே இன்னும் கற்காதவர்கள். நோட்டு அத்தோடு முடிகிறது. கதைசொல்லி பிரதியெடுத்து முடித்தபின் நெருப்புக்கும் அசையாத அந்தத் தாளைக் கட்டெறும்புகள் தின்று தீர்த்துவிடுகின்றன. எந்த எறும்பு, ஏன் என்று ராய் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

விஞ்ஞானமும் மாயமும்

அறிவியல் புனைகதை நடக்கக்கூடியதைப் பேசும், மாயக்கதை நடக்க முடியாததைப் பேசும் என்று பிரிப்பது விமரிசகர்களின் வழக்கம். ஷோங்கு கதைகள் இந்தக் கோட்டை மதிப்பதே இல்லை. மந்திரத்தால் எலும்புக்கூட்டுக்கு உயிரூட்டும் சாமியார் ஒரு கதையில் வருகிறார். ஷோங்கு அவரைப் போலி என்று நிரூபிக்கப் புறப்படுவதில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவைக்கிறார். 'ஏக்ஷ்ரிங்க அபிஜான்' கதையில் ஒற்றைக்கொம்புக் குதிரையைத் தேடித் திபெத்துக்குப் போகிறார்கள். ஏராளமான மனிதர்கள் நெடுங்காலம் நம்பிய கற்பனைப் பிராணிகள் உயிரோடு உலவும் இடம் அங்கே இருக்கிறது. மாயம் எதனால் ஆனது என்பதற்கு ராய் சொன்ன பதில்களிலேயே சிறந்தது இதுதான்.

கண்டுபிடிப்புகளிலும் அதே கலப்பு. சகல நோய்களையும் தீர்க்கும் 'மிராக்யூரால்' மாத்திரையின் மூலம் ஸ்வர்ணபர்ணி என்ற மூலிகை. ஷோங்குவின் அப்பா ஆயுர்வேத வைத்தியர். மூலிகையைப் பற்றிய சேதி ஒரு சாது மூலம் வருகிறது. 'அனைஹிலின்' துப்பாக்கி எதிரியைச் சுவடில்லாமல் மறையச் செய்யும்; ரத்தம் பார்க்கப் பிடிக்காதவர் செய்த ஆயுதம். இவற்றில் எதையும் தொழிற்சாலையில் செய்ய முடியாது, எல்லாமே கைவேலை என்பது தொடரின் எழுதப்படாத சட்டம். இதனால் ராய்க்கு ஒரு வசதி: உலகம் மாறுவதில்லை, அடுத்த கதையில் கிரிடி அப்படியே இருக்கிறது.

கூட்டத்தில் தனித்து நிற்பது 'கம்பு'. ஜப்பானில் விஞ்ஞானிகள் கூடிச் செய்த, பந்து வடிவிலான கணினி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மட்டுமே படைக்கப்பட்டது, மெல்ல மெல்லத் தானாகச் சிந்திக்கிறது, முதுமையடைகிறது, சாவுக்குப் பின் என்ன என்பது தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு ஓய்கிறது. சிறுவர் கதைக்கு இவ்வளவு கனம் தாங்குமா என்று கேட்கலாம். தாங்கியிருக்கிறது.

குறைகள்

பிற்காலக் கதைகளில் ஓர் அச்சு விழுந்துவிட்டது. அயல்நாட்டு மாநாடு, நண்பர்கள் சாண்டர்ஸும் க்ரோலும், கண்டுபிடிப்பைத் திருட வரும் கெட்ட விஞ்ஞானி, கடைசி நிமிடத் தப்பித்தல். முப்பதாண்டுத் தொடரில் பெண் பாத்திரங்கள் அநேகமாக இல்லை என்பது கனமான குறை. காலத்தைக் காட்டிச் சமாதானம் சொல்ல முடியாது. ஆனாலும் 1990-இல் வந்த 'ஸ்வர்ணபர்ணி', மிராக்யூராலை ஹிட்லரின் ஜெர்மனிக்குக் கொண்டுபோய், நாஜித் தலைவர் கோயரிங்கின் நோய்க்கு மருந்து கொடுக்கலாமா என்ற கேள்வியை எழுப்புகிறது. அந்த வயதிலும் ராயின் கை தளரவில்லை.

பிற்பாடு

'பேராசிரியர் ஷோங்கு' முதல் தொகுப்பு 1965-இல் வெளியாயிற்று. அதையொட்டிய ஆண்டுகளில் கல்கத்தாவில் விஞ்ஞானக் கதைக்கென்றே ஒரு கூட்டம் சேர்ந்தது: 1963-இல் அத்ரீஷ் வர்தன் தொடங்கிய 'ஆஷ்சர்ஜோ' இதழ், 1966-இல் ராய் தலைமையில் விஞ்ஞானத் திரைப்படங்களுக்கான சங்கம். வங்காளியில் இவ்வகைக் கதைக்கு வழங்கும் 'கல்பவிஞ்ஞான்' என்ற பெயரும் வர்தன் தந்தது. ஷோங்குவைத் திரைக்குக் கொண்டுவந்தவர் ராயின் மகன் சந்தீப் ராய். 2019-இல் வந்த படத்தில் ஷோங்குவாக நடித்தவர் திருதிமான் சட்டர்ஜி.

தொடரை வாசிக்க வருவோர் சிவப்பு நோட்டிலிருந்தே தொடங்குவது நல்லது. 'கம்பு'வைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்.